தங்கபாண்டி வரைந்த திருஷ்டி முகங்கள்

நான் நன்றாகப் பாடம் நடத்துவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பம்பாயில் ஓர் ஓவியக் கல்லூரியில் ஓவிய வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அட்டெண்டன்ஸ் எடுக்காத நாளிலும் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலும் முகமூடி வகுப்பு என்று ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மர முகமூடிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். நீண்ட மூக்கு, கீறிவிட்டாற்போல் கண், உள்ளே போன கன்னம். அச்சு அசலாக வரைந்து அலுத்துப்போயிருந்த இளம் ஓவியர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு வந்து முகத்தை உடைத்து வரைய ஆரம்பித்தார்கள். மேற்கத்திய நவீன ஓவியத்தில் பாதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘சரி, அந்த முகமூடியைச் செதுக்கினவன் பெயர் என்ன?’ என்று கேட்பேன். பிள்ளைகள் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். யாரும் கேட்டு வைக்கவில்லை என்பேன். கேட்டிருந்தால் அவன் ஒரு ஆசானிடம் வருஷக்கணக்கில் கைவேலை பழகியவன், மூக்குக்கும் நெற்றிக்கும் அளவு வைத்திருந்தவன் என்பதெல்லாம் தெரிந்துபோயிருக்கும். அது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் கையிலிருந்து தானாக வழிந்தது என்று நம்புவதுதான் வசதியாக இருந்தது. அதற்குப் ‘பிரிமிட்டிவ்’ என்று பெயரும் வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்துவிடும். நடிப்பில்லை, நிஜமாகவே தழுதழுக்கும். ஆகவே நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. தெரிந்துதான் செய்தேன். பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

நானும் வரைகிறவன்தான். பிரம்மநாயகம் என்று கையெழுத்துப் போட்ட படங்கள் மாதுங்கா வீட்டில் பின்னறை முழுக்க இருக்கின்றன. எல்லாம் முகங்கள். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில், மூக்கு வேறு பக்கத்தில். ஹெலனா என்று ஒரு ஜெர்மன்காரி, அங்கே ஒரு அருங்காட்சியகத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பவள், சில வருஷங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, ‘இதை நீங்கள் எங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்’ என்றாள். அவ்வளவுதான். சரியாகத்தான் சொன்னாள். ஆப்பிரிக்காக்காரன் சட்டையை அவர்கள் எடுத்துப் போட்டுக் கழற்ற, கழற்றியதை நான் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் போனதும் எல்லாப் படத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். ஏன் என்று அம்மா கேட்டாள். தூசி படுகிறது என்றேன்.

தங்கபாண்டியைப் பார்த்தது அதற்குப் பிறகு. திலக் நகரில் என் மைத்துனன் ஹார்டுவேர் கடை திறந்தான். வாசலில் மாட்ட ஒரு திருஷ்டி முகம் வேண்டும், தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வரைகிறார், வாங்கி வாருங்கள் என்றான். திருஷ்டி முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோரைப்பல், முட்டைக் கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. வருகிறவன் பொறாமைக் கண் கடைமேல் விழாமல் முதலில் அதன்மேல் விழட்டும் என்று மாட்டுவது.

தங்கபாண்டி போர்டு எழுதுகிறவர். கடைப் பெயர், டெம்போவுக்குப் பின்னால் ‘ஹார்ன் ஓகே’, கல்யாண பேனர், எல்லாம் செய்வார். பிளெக்ஸ் வந்த பிறகு மற்ற எல்லாம் குறைந்து திருஷ்டி முகம் மட்டும் நின்றது. வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. தாதரில் சினிமா பேனர் வரையும் ஆசானிடம் சின்ன வயதிலேயே சேர்ந்து படித்தவர்; தன்னைப்போல நேர்கோடு போட பம்பாயில் ஆள் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்படிப்பட்டவர் அன்று தகட்டை என்னிடம் நீட்டும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்.

“கோணிப் போச்சு அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய. நாளைக்கி வேற வரைஞ்சு தாரேன்.”

நான் வாங்கிப் பார்த்தேன். நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு பாதி வழியில் உடைந்து பக்கவாட்டில் போயிருந்தது. ஒரு கண் கன்னத்துக்குச் சரிந்து கிடந்தது. பல்வரிசை அலை மாதிரி ஏறி இறங்கியது. முப்பது வருஷம் நான் வரைய முயன்று வராத முகம் அது. ரோட்டோரம் நின்று பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

“இதையே கொடுங்க” என்றேன்.

அவர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று கேட்டேன். ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். புதுத் தகட்டில் நடுக்கோடு இழுத்தார். அற்புதமான கை, கோடு கம்பி மாதிரி நேராக விழுந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்தார். “ஆடுது பாருங்க” என்று நடுவில் கொஞ்சம் திருத்தினார். மறுபடி பார்த்தார், மறுபடி திருத்தினார். நேராக இருந்த கோட்டை அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை வளைத்துவிட்டு, “இப்ப சரி” என்றார்.

அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. ஊகமெல்லாம் இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் என் அம்மா பார்வதியம்மாள், கதவு நிலை நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது, உன் மூக்கு நெளிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதியில் கண்ணின் பின்பக்கம் நீர் கோத்து வீங்குவது. செம்பூர் கிளினிக்கில் கண்ணுக்கு ஊசி போட்டார்கள். சில மாதத்தில் கதவு நேராகிவிட்டது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறாள்.

‘உங்களுக்கு சுகர் இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல்முதலாகப் பார்த்த மனிதரிடம் எடுத்த எடுப்பில் வியாதியைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று நினைத்ததாக ஞாபகம்.

வீட்டுக்கு வந்து அந்த முகத்தைப் போட்டோ எடுத்து ஹெலனாவுக்கு அனுப்பினேன். மைத்துனனுக்கு வேறு கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே பதில் வந்தது. இவருக்கு வரையச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டிருந்தாள். யாருமில்லை என்று எழுதினேன். தாதர் ஆசான் பெயரை அன்றைக்கே தங்கபாண்டி என்னிடம் சொல்லியிருந்தார், குருவுக்கு மரியாதையாகக் காதைத் தொட்டுக்கொண்டு சொல்லியிருந்தார். அந்தப் பெயரை நான் இப்போதும் சொல்லவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஹெலனா பறந்து வந்தாள். தாராவிச் சந்தில் அவள் நடந்து வந்தபோது தங்கபாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவி விஜயராணி பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டிருந்தாள். வரையும்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று ஹெலனா கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

“என்ன ஓடப்போவுது? கோடு நேரா வரணும்னு நெனைப்பேன்” என்றார் தங்கபாண்டி.

“எதையும் நினைப்பதில்லை, கை தானாகப் போகிறது என்கிறார்” என்று நான் இங்கிலீஷில் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். தங்கபாண்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே போய்த் தன் மகள் ஷாலினியை முன்னொரு காலத்தில் வரைந்த படத்தை எடுத்து வந்தார். தலைமுடியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம், போட்டோ தோற்றுவிடும். “இதக் காட்டுங்க அண்ணாச்சி, இதுதான் நம்ம வேல” என்றார். ஹெலனா மற்ற முகங்களில் குனிந்திருந்தாள். நான் அந்தப் படத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு முகங்கள் வேண்டும், தனிக் கண்காட்சி என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் ஒன்றுமே கற்காதவர் என்பதுதான் இதன் பலம் என்று காரில் ஏறும்போது என்னிடம் சொன்னாள். கண்டுபிடித்தவன் என்று என் பெயரும் போடுவதாகச் சொன்னாள். காசு விஷயத்தில் நான் தங்கபாண்டியை ஒரு பைசா ஏமாற்றவில்லை. வந்ததையெல்லாம் விஜயராணி கையில் கொடுத்தேன். அதை யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஏழெட்டு முகம் முடிவதற்குள் விஜயராணிக்குக் கவலை வந்துவிட்டது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார், படியில் தடுக்குகிறார், எழுதிக் கொடுத்த போர்டை எழுத்துக் கோணல் என்று கடைக்காரன் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டான் என்றாள்.

“ஊர்க்கண்ண எல்லாம் வாங்குத மூஞ்சிய வரையுதாவ. அந்தக் கண்ணு இவுக மேல படாம இருக்குமா அண்ணாச்சி? நீங்க படிச்சவுக, சொல்லுங்க.”

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, “இருக்கலாம். செவ்வாக்கிழமை சுத்திப் போடுங்க” என்றேன். அவள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லையாம். நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். வாராவாரம் சுற்றிப் போட ஆரம்பித்தாள். வேறு யோசனைக்கு அவளை நான் போகவிடவில்லை. இந்த நம்பிக்கையை அழகாக ஒரு பாரா எழுதி ஹெலனாவுக்கும் அனுப்பினேன். கண்காட்சிச் சுவரில் அதைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள்.

தங்கபாண்டி ஒருநாள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டார். “என் பார்வையில ஏதும் கோளாறு இருக்கோ அண்ணாச்சி?”

“உங்க பார்வைதான் உங்க சொத்து. அது மாதிரி பார்வை யாருக்கும் கிடையாது” என்றேன்.

நம் மொழியில் கண் தெரிவதும் பார்வைதான், கலைஞனுக்குள்ளே இருப்பதும் பார்வைதான். அவர் ஒன்றைக் கேட்டார், நான் மற்றதற்குப் பதில் சொன்னேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பாரிஸில் பெரிய பெரிய ஆட்கள் இந்தக் கோணலுக்காக ஆயுள் முழுக்கத் தவம் கிடந்தார்கள், உங்களுக்கு அது சும்மா வந்திருக்கிறது என்றும் விளக்கினேன். அவருக்கு அதன் பிறகு நடையே மாறிவிட்டது. கோணலாக வரைகிறாயே என்று கேட்டவனிடமெல்லாம், ஒனக்கு என்னல தெரியும், பாரிஸ்ல போய்க் கேளு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷாலினிதான் விடவில்லை. விக்ரோலியில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், எனக்கு லீவு கிடைக்காது, அங்கிள், நீங்கள் கூட்டிப்போவீர்களா என்று போன் செய்தாள். கூட்டிப்போனேன். அம்மாவுக்குக் காட்டிய அதே செம்பூர் கிளினிக். அவருக்கு உதவத்தான் போனேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். இன்னும் எத்தனை படம் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

சொட்டு விட்டு, மெஷினில் பார்த்து, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். உறவா என்றார். தம்பி மாதிரி என்றேன். படித்தவனுக்குப் படித்தவன் பேசுகிற இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார். இரண்டு கண்ணிலும் வீக்கம் இருக்கிறது, இடது கண் மோசம், இந்த வாரமே ஊசி ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் நடுப்பார்வை போய்விடும், போனால் திரும்பாது, அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள் என்றார். ஊசி போடாமல் இப்படியே எவ்வளவு நாள் வேலை செய்ய முடியும் என்று கேட்டேன். பிழைப்பை நினைத்துக் கேட்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பரிவாகவே சொன்னார். சில மாதம், அதுவும் சந்தேகம்.

மிச்சம் நாலு முகம். ஊசி போட்டால் கதவு நேரான மாதிரி முகமும் நேராகிவிடும்.

வெளியே தங்கபாண்டி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இஞ்செக்‌ஷன்னு காதுல விழுந்துச்சே அண்ணாச்சி?”

“ஆமா. கண்ணுக்குள்ள குத்தணுமாம்.”

“கண்ணுக்குள்ளயா?” கண்ணாடிக்கு மேலே கையை வைத்து மூடிக்கொண்டார்.

“அவங்களுக்கென்ன, மெஷின் வாங்கி வச்சிருக்காங்க, ஆள் வேணும். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். சொட்டு மருந்து போதும். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

கீழே மருந்துக்கடையில் கண் உலராமல் இருக்க விடுகிற சாதாரணச் சொட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வெயில் கூசியதால் ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய கை, பெயிண்ட் காய்ந்த கை. “நீங்க கூட இருக்கப் போயித் தப்பிச்சேன். இல்லைன்னா குத்தியிருப்பானுவ” என்றார். தாராவி வந்து சேரும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. இதை எழுதும்போது என் கை கூசுகிறது. எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளினிக்கில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டார்கள், ஏன் வரவில்லை என்று. வேறு இடத்தில் காட்டுகிறோம் என்றேன்.

பன்னிரண்டும் முடிந்து, ஜெர்மனியில் கண்காட்சி நல்லபடியாக நடந்தது. தங்கபாண்டியையும் அழைத்திருந்தார்கள்; குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான்தான் சொன்னேன். திறப்பு விழாவில் பேசினேன். அந்த முகமூடி வகுப்பைத்தான் பேசினேன். செதுக்கினவன் பெயரை யாரும் கேட்கவில்லை என்று நான் சொன்ன இடத்தில் சிலர் அழுதார்கள். பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்குத் தங்கபாண்டியின் பெயர். நூறு வருஷத்துத் தப்பை ஒரு தமிழன் நேர் செய்துவிட்டான் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது அவருக்கு இடது கண் போயிருந்தது. நடுவில் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கண்ணை மட்டும் என் பக்கம் வைத்துக்கொண்டு பார்த்தார். கோபித்துக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது. ஆனால் கோபம் இல்லை. ஜெர்மனியில் என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டார்.

ஷாலினி என்னைச் சந்து முனைவரை கொண்டுவிட வந்தாள். அங்கே நின்று கேட்டாள். “அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னார் அங்கிள்? சச் பதாவோ, உண்மையைச் சொல்லுங்க. அப்பா ஏதோ இஞ்செக்‌ஷன்னு சொல்றார். அப்பவே போட்டிருந்தா?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். “அப்பவே லேட் ஆயிடுச்சுன்னுட்டார், ஷாலினி. போட்டும் பிரயோஜனமில்லைன்னார். ரெண்டு கண்ணுக்கும்தான் சொன்னார். உங்ககிட்ட சொல்ல மனசு வரல” என்று வந்தது.

அவள் அழுதாள். இவ்வளவு நாள் இதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நீங்களும் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள் என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வெட்கம் என்று நான் சொல்வது இதைத்தான். கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்ய முடியவில்லை. அம்மா காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கும்போது எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். முகமூடி வகுப்பை இந்த வருஷம் எடுக்கவில்லை. ஒரு மனிதனின் கண்ணை நான் எடுத்துக்கொண்டேன். இதற்கு வேறு பெயர் வைக்கப் பார்த்தேன், வரவில்லை.

வலது கண் இன்னும் இருக்கிறது. நெளிகிறது, நடுவில் புகையும் தொடங்கியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. அம்மாவுக்கு மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது பொதுவாகக் கேட்பதுபோல டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். இப்போது ஆரம்பித்தால்கூட அப்படிப்பட்ட கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நான் சொன்னால் நீங்கள் நம்பவேண்டும்.

ஷாலினியிடம் சொல்லத்தான் போகிறேன். தங்கபாண்டி காலில் விழவும் தயார். நானே செம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போவேன், ஊசி போடும்போது பக்கத்தில் நிற்பேன். இதில் மாற்றமே இல்லை.

இப்போது அவர் வரைகிறவற்றில் நடு முகமே இல்லை. சுற்றிலும் பல், மீசை, காது, நடுவில் ஒரு புகை. ஹெலனா போட்டோவைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். நேற்றுப் போனபோது தங்கபாண்டி தகட்டைச் சாய்த்துவைத்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தார். கடைசியாகத்தான் கண் திறப்பார், அது அவர் வழக்கம். இந்த ஒன்று முடியட்டும், சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஆகிவிட்டது, கண் மட்டும்தான் பாக்கி.